பெரியம்மாவின் டிரங்குப் பெட்டி: வாசகர் கேள்விகள்

பெண் இயக்கங்களில் இருந்து எழுதியவர்கள் விட்டுச்சென்ற கடிதம், நாட்குறிப்பு, துண்டறிக்கை, கேசட் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு ஆவணப் பராமரிப்புத் துறையினர் இங்கே பதில் தருகிறார்கள்.

என் பெரியம்மா எண்பதுகளில் மாதர் அமைப்பு ஒன்றில் தீவிரமாக இருந்தவர், கதைகளும் கட்டுரைகளும் எழுதியவர். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு அட்டைப்பெட்டி, பீரோவில் ஒரு தட்டு என்று தாள்கள் கிடக்கின்றன. கடிதம் தனி, ரசீது தனி என்று பிரித்து, வேண்டாததைக் கழித்து, தேதிவாரியாக ஃபைல் போட்டுவிடலாமா?
வாசகி, கும்பகோணம்

தயவுசெய்து வேண்டாம். இந்த மாதிரிப் பெட்டிகளுக்குக் கரையான் செய்யும் கெடுதலைவிட, நல்ல மனதோடு உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிறவர்கள் செய்யும் கெடுதல் அதிகம். பெரியம்மா ஒரு வழக்கைப் பற்றிய கடிதம், அதே வழக்கின் பத்திரிகை நறுக்கு, ஊர்வலத்துக்கு அச்சடித்த நோட்டீஸ், அச்சகத்து ரசீது எல்லாவற்றையும் ஒரே டேக்கில் கோத்து வைத்திருப்பார். ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதுதான் அங்கே செய்தி. பிரித்துத் தேதிவாரியாக அடுக்கிவிட்டால் நான்கு துண்டுகள் மிஞ்சும், எதற்கு எது என்று சொல்ல ஆளிருக்காது.

பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டாக வெளியே எடுக்கும்போதும் அதையே செய்யுங்கள். கட்டின் மேல் அவர் ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் அந்தக் கட்டின் பெயர், நீங்கள் புதிதாகப் பெயர் வைக்க வேண்டாம். ஒரு தாளில் எச்பி பென்சிலால் 'பெட்டி 1, கட்டு 3' என்று எழுதிக் கட்டோடு வையுங்கள். பேனா, ஒட்டும் சீட்டு இரண்டும் கூடாது. ஒட்டும் சீட்டின் பசை தாளிலேயே தங்கித் தூசியை இழுக்கும்.

பிறகு ஒரு நோட்டில் பட்டியல்: பெட்டி எண், கட்டு எண், மேலே எழுதியிருந்தது, உள்ளே என்ன வகைத் தாள், உத்தேசமான காலம், நிலை. கட்டுக்கு ஒரு வரி போதும். முதல் நாளே ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி எழுத ஆரம்பிக்கிறவர்கள் முதல் பெட்டியின் பாதியில் களைத்து நிறுத்திவிடுவார்கள். எல்லாப் பெட்டிக்கும் மேலோட்டமான பட்டியல் முடிந்த பிறகு, முக்கியமான கட்டுகளுக்கு மட்டும் விரிவாக எழுதலாம்.

கழிப்பது என்றால், ஒரே அச்சு நோட்டீஸ் நூறு பிரதி இருந்தால் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை விடலாம். அதற்கு முன் நூறையும் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் கதையின் கரட்டு வடிவம் எழுதப்பட்டிருக்கலாம். காகிதத் தட்டுப்பாட்டில் வேலைசெய்த அமைப்புகளில் இது சாதாரணம். அச்சக ரசீதைக் கழிக்காதீர்கள். எத்தனை நோட்டீஸ் போட்டார்கள், பணம் யார் கொடுத்தது என்பதற்கு வேறு சான்று இருக்காது. காலி உறையும் குப்பை அல்ல, தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.

கடிதங்களில் பெரும்பாலும் தேதி இல்லை, அல்லது நாளும் மாதமும் மட்டும் இருக்கின்றன. வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், மதுரை

முதலில் தபால் முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அனுப்பிய ஊர் முத்திரை மங்கியிருந்தாலும், பின்பக்கத்தில் விநியோக முத்திரை தெளிவாக இருப்பதுண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. பின்கோடு இல்லாததால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, பலர் எண்பதுகளிலும் எழுதவில்லை. அச்சிட்ட கடிதத்தாளில் 'தமிழ்நாடு' என்று மாநிலப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்குப் பிறகு.

கிழமை இருந்தால் அது பெரிய துணை. '8-3, ஞாயிறு, மகளிர் தினக் கூட்டம்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, காலம் எண்பதுகள் என்று தெரியும் என்றால், அந்தப் பத்தாண்டில் மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது 1981, 1987 இரண்டு முறைதான். உள்ளே வரும் ஒரு செய்தி எது என்று தீர்த்துவிடும்.

எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். னை, லை போன்றவற்றுக்கான சீர்திருத்த வடிவத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. ஆனால் கையும் தட்டச்சுப் பொறியும் அதற்குப் பிறகும் பல வருடம் பழைய வடிவத்திலேயே எழுதின.

ஊகித்த வருடத்தைக் கடிதத்தின் மேல் எழுதாதீர்கள். பட்டியலில் அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதி, எதை வைத்து ஊகித்தீர்கள் என்று ஒரு சொல் சேருங்கள்.

வேப்பிலை போடலாமா, நாப்தலீன் உருண்டை போடலாமா? ராமபாணப் பூச்சி தொல்லை தாங்கவில்லை.
வாசகி, நாகப்பட்டினம்

பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், கறையும் விடும். நாப்தலீன் பூச்சியைக் கொல்வதைவிட விரட்டத்தான் பயன்படும். மூடிய அறையில் அந்த ஆவியைத் தினமும் சுவாசிப்பது நல்லதல்ல, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அறவே கூடாது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக வைப்பது சுவடி நூலகங்களில் இருக்கும் வழக்கம். தாளில் படாமல் பெட்டியின் மூலையில் வைத்து, வாசனை போனதும் மாற்றினால் தீங்கில்லை. ஆனால் ஏற்கெனவே குடியிருக்கும் பூச்சியை அது வெளியேற்றாது.

அதற்கு உறைய வைப்பதுதான் வழி. தாள்கட்டைப் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு பையிலும் போட்டு வாயை ஒட்டுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்கு இறங்குமானால் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். புகைப்படம், கேசட், சிடி ஆகியவற்றுக்கு இந்த முறை வேண்டாம். பூஞ்சையும் இதில் சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

பூச்சியும் பூஞ்சையும் திரும்பி வருவது ஈரத்தால். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை கிளம்பும், கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இது தினசரிக் கதை. மொட்டைமாடிக்கு நேர் கீழ், வெளிச்சுவரை ஒட்டி, குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் ஆகிய மூன்று இடங்களில் பெட்டி வைக்காதீர்கள். தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரமும், சுவரிலிருந்து ஒரு கை அகலமும் இடைவெளி விடுங்கள். டிரங்குப் பெட்டியை இறுக்கிப் பூட்டி வருடக்கணக்கில் மறப்பதைவிட, மழை ஓய்ந்த நாட்களில் திறந்து நிழலில் காற்றாட விடுவது மேல். வெயிலில் மட்டும் காட்டாதீர்கள், பால்பாயின்ட் மை சத்தமில்லாமல் வெளுத்துவிடும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் கிழிகிறது. செல்லோடேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பாகிவிட்டது. லேமினேட் செய்துவிடலாமா?
வாசகர், ஈரோடு

லேமினேஷன் திரும்பி வரமுடியாத பாதை. சூட்டில் உருகிய பிசின் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒளி புகும் பாலியெஸ்டர் உறை, அதாவது பிவிசி அல்லாதது, அதே பாதுகாப்பைத் தரும், வேண்டும்போது தாளை வெளியே எடுக்கவும் முடியும்.

ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றும் கருவியால் பிடுங்காதீர்கள். தாளைக் குப்புறப் போட்டு, பின்னின் மடிந்த காலுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் துண்டு ஒன்றைச் செருகி, மழுங்கிய கத்தி முனையால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு முன்பக்கமிருந்து நேராகத் தூக்கினால் வந்துவிடும். துரு தாளைத் தின்று ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அது பயிற்சி உள்ளவர் வேலை. கழற்றிய தாள்களைச் சேர்த்து வைக்க ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து உள்ளே வைத்தால் போதும். செல்லோடேப்பையும் தொடாதீர்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் பசையோடு மையும் கரைந்து வரும்.

நியூஸ்பிரின்ட் நறுக்குகள் அமிலத்தன்மை கொண்டவை, பக்கத்துத் தாளிலும் பழுப்புப் பூக்கும். இடையில் அமிலமற்ற தாள் ஒன்று வையுங்கள். பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள். வெப்பத்தில் உருவான எழுத்து, வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் போய்விடும். மாநாட்டு ஏற்பாடுகள் ஃபேக்ஸில் நடந்த தொண்ணூறுகளின் பாதி வரலாறு இப்போது வெற்றுத் தாளாகிக்கொண்டிருக்கிறது.

அத்தை, கணவனால் அடிபட்ட பெண்களுக்கு உதவியவர். பெட்டியில் அந்தப் பெண்களின் மனுக்கள், முதல் தகவல் அறிக்கை நகல்கள், மருத்துவச் சான்று, கல்யாணப் போட்டோ எல்லாம் இருக்கின்றன. குடும்பத்தில் எரித்துவிடச் சொல்கிறார்கள்.
வாசகி, சேலம்

எரிக்காதீர்கள், கூகுள் டிரைவிலும் ஏற்றாதீர்கள். செயற்பாட்டாளர்களின் தாள்களில் மிகக் கடினமான பகுதி இதுதான். நாவலாசிரியரின் பெட்டியில் அவருடைய ரகசியங்கள் இருக்கும். செயற்பாட்டாளர் பெட்டியில் ஊரார் ரகசியங்கள் இருக்கும், அதை வெளியிட அனுமதி தர வேண்டியவர்கள் எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

சட்டமும் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 228ஏ பிரிவாக இருந்தது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும்.

இந்தத் தாள்களை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து, அது எந்தப் பெட்டியின் எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று பழைய இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள். பட்டியலில் பெயர் வேண்டாம், 'வரதட்சணைப் புகார்கள், 12 கோப்பு, 1984 முதல் 1989' என்ற அளவு போதும். காப்பகத்திடம் கொடுக்கும்போது இந்தப் பெட்டி எந்த வருடம் வரை மூடியிருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கறுப்பு மார்க்கரால் பெயரை அடிப்பது மட்டும் கூடாது. மூலத்தை அழித்ததாகிவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் பெயரும் தெரியும். மறைப்பதானால் நகலில் மறைக்க வேண்டும்.

கல்யாணப் போட்டோ, நகை ரசீது, சீர்வரிசைப் பட்டியல் போன்ற மூலங்களை அந்தப் பெண்கள் வழக்குக்காகக் கொடுத்திருப்பார்கள், திரும்ப வாங்கியிருக்க மாட்டார்கள். ஆளைத் தெரிந்தால், அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் விசாரித்து அவரிடமே கொடுப்பது முறை. அவர் பழசைத் தொட விரும்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு எழுத்தாளர் எழுதிய ஐம்பது கடிதங்கள் எங்களிடம் இருக்கின்றன. புத்தகமாகப் போட எங்களுக்கு உரிமை உண்டுதானே?
வாசகர், கோயம்புத்தூர்

தாள் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி கடிதத்தை எழுதியவரோ அவர் வாரிசோ அனுமதி தர வேண்டும். பொதுவாக எழுதியவர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கணக்கு. ஆனால் அவர் உயிரோடிருந்தவரை வெளிவராத எழுத்துக்கு 24-ஆம் பிரிவு வேறு கணக்குச் சொல்கிறது: முதலில் வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டு. நம் பதிப்பாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் அம்மா பதிலுக்கு எழுதியவற்றின் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் தாள் அந்த எழுத்தாளர் வீட்டில் இருக்கும். பெட்டியில் கார்பன் நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். மெல்லிய, நீலம் படிந்த தாள் எதையும் அலட்சியமாகத் தள்ளாதீர்கள்.

உயில் எழுதும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. வெளிவராத கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை அதன் பதிப்புரிமையும் அவருக்கே போகும். இது 20-ஆம் பிரிவு. தாள் காப்பகத்துக்கு, உரிமை மகளுக்கு என்று நினைத்தால் அப்படியே தெளிவாக எழுத வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தனித்தாள்கள், அதாவது அவருடைய சொந்தக் கடிதங்களும் குறிப்புகளும், எங்கே உள்ளன? ஆய்வு மாணவி போய்ப் பார்க்க முடியுமா?
வாசகி, புதுக்கோட்டை

டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில். பழைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் நேரு நினைவு அருங்காட்சியகம், நூலகம் என்று வரும். 2023 முதல் பெயர் பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம். புதுப் பெயரில் தேடுகிறவர் பழைய பெயரிலும் தேட வேண்டும். அவர் பெயரையே ஆங்கிலத்தில் ரெட்டி என்பதன் கடைசி எழுத்து 'ஐ' என்றும் 'ஒய்' என்றும் இரண்டு விதமாகப் பதிந்திருக்கிறார்கள், ஒன்றில் தேடினால் பாதிதான் கிடைக்கும். அந்தக் காலப் பெண்கள் பலருக்கு மூன்றாவது தேடலும் உண்டு: 'திருமதி' போட்டுக் கணவர் பெயர்.

போவதற்கு முன் துறைத்தலைவரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, என்னென்ன கோப்பு வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றோடு எழுதிக் கேளுங்கள். பொருள்வாரிக் கோப்புகளுக்கு எண் உண்டு. மேற்கோள் காட்டும்போது தொகுப்பின் பெயர், கோப்பு எண், நிறுவனம் மூன்றும் இருக்க வேண்டும். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், பென்சில் மட்டுமே உள்ளே போகும். நகல் எடுக்க எல்லா இடத்திலும் வரம்பு உண்டு, ஆகவே கையால் எழுதிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

டெல்லியோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் 1927-ல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போய், 1930-ல் காந்தி கைதானதை ஒட்டி விலகியவர். அந்த மூன்று வருடப் பேச்சும் மேலவை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. அவர் ஆசிரியராக இருந்த ஸ்திரீ தர்மா இதழ் இன்னொரு மூலம். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் வாதாடியபோது, தேவதாசிகள் சங்கம் வைத்து எதிர்த்து மனு எழுதினார்கள். அந்த மறுதரப்புக்குத் தீன்மூர்த்தி போல ஒரு பெட்டி கிடையாது. அது பெரும்பாலும் அரசுக் கோப்புகளில் மனுவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஒருவருடைய தனித்தாளை மட்டும் படித்து எழுதும் வரலாறு அவர் பக்கம் சாய்ந்துதான் வரும், எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் திரும்பப் பார்க்க முடியுமா? டைரியை இப்போதைக்கு யாரும் படிக்கக் கூடாது என்று அக்கா சொல்கிறாள்.
வாசகி, சென்னை

பெண்களின் ஆவணத்துக்கென்றே இருப்பது மும்பை தஹிசரில் உள்ள ஸ்பாரோ. அம்பை என்ற பெயரில் எழுதும் சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் 1988-ல் தொடங்கியது. வாய்மொழி வரலாறு, படம், சுவரொட்டி என்று பரந்த தொகுப்பு. சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப்பொருளுக்கு வலுவான இடம். இரண்டுக்கும் முதலில் உங்கள் பட்டியலை அனுப்புங்கள், பெட்டியோடு வாசலில் போய் நிற்காதீர்கள்.

கொடைப் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: தாளின் உடைமை மாறுகிறதா, பதிப்புரிமையும் மாறுகிறதா, இணையத்தில் போடலாமா, அவர்களுக்கு வேண்டாததைத் திருப்பித் தருவார்களா அழிப்பார்களா, குடும்பத்துக்கு நகல் உண்டா, எந்தப் பகுதி எந்தத் தேதி வரை மூடியிருக்கும். 'குடும்பம் விரும்பும்வரை' என்று எழுதினால் முப்பது வருடம் கழித்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் அந்தப் பெட்டி நிரந்தரமாக மூடிவிடும். வருடம் போடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் தாள்கள் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. ஆனால் நாட்குறிப்புகளுக்கு 2040 வரை பூட்டு. உங்கள் அக்காவின் யோசனை சரியானதுதான், ஒரு வருடம் மட்டும் சேர்த்தால் போதும்.

எங்கே கொடுத்தாலும் ஸ்கேன் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஆம்ஸ்டர்டாமில் ரோஸா மானுஸ் முதலானோர் 1935-ல் பெண்கள் இயக்கத்துக்கென ஒரு பன்னாட்டுக் காப்பகம் தொடங்கினார்கள். 1940-ல் நாஜிகள் வந்து மொத்தத்தையும் அள்ளிப்போனார்கள். யூதரான மானுஸ் நாஜிகளின் காவலிலேயே இறந்தார். போருக்குப் பின் சோவியத் படை கொண்டுபோன தாள்கள் மாஸ்கோவில் இருப்பது 1992-ல்தான் தெரிந்தது, திரும்பி வந்தது 2003-ல்.

அசல் தாள்களை யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்ப எங்களுக்கு மனமில்லை. 1981-ல் யாழ் நூலகம் எரிந்தது நினைவிருக்கிறது, ஒரே இடத்தில் வைக்கவும் பயம்.
வாசகி, யாழ்ப்பாணம்

அசலை வீட்டில் வைத்துக்கொண்டே மின்வடிவத்தைப் பொதுவில் வைக்கலாம். ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் இணையத்தில் வைக்கும், 2005 முதல் இயங்கும் 'நூலகம்' நிறுவனத்திடம் பேசிப்பாருங்கள். நீங்களே ஸ்கேன் செய்வதானால் கடிதம் 400 டிபிஐ, புகைப்படம் 600 டிபிஐ, எப்போதும் வண்ணத்தில், டிஃப் வடிவில். போன் செயலிகள் தாளை 'வெள்ளையாக்கி' பென்சில் குறிப்பையும் முத்திரையையும் அழித்துவிடும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வான்கடிதத்தில் ஓர மடிப்புகளிலும் எழுதியிருப்பார்கள், எல்லாப் பக்கமும் எடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில்.

2000 வாக்கில் கணினியில் தட்டிய கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
வாசகர், திருநெல்வேலி

கெடவில்லை. அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு முந்தைய எழுத்துரு. பாமினி, டாம், டாப், திஸ்கி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு குறியாக்கம். ஃபைலின் பண்புகளில் எழுத்துருப் பெயரைப் பார்த்து, அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்குங்கள். ஊடே வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்துச் சிதைக்கும், ஆகவே ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். பழைய ஃபைலையும் எழுத்துரு ஃபைலையும் அழிக்காமல் கூடவே வையுங்கள்.

கூட்டங்களில் பதிந்த கேசட்டுகள் 40 உள்ளன. ஓட்டிப் பார்க்கலாமா?
வாசகி, புதுச்சேரி

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டு இருந்தால் பூஞ்சை. ஓட்டினால் நாடாவும் கெடும், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெட்டு அடுத்த கேசட்டுக்குப் பரவும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றில் மேலே உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிட்டால் தவறியும் மேலே பதிவாகாது. ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கேட்பதற்கு மட்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்த கேசட்டில் ஒலி மங்கிக் கேட்கும், நாடா கெட்டதாக நினைத்து எறிய வேண்டாம், வேறு கேசட்டின் கூட்டுக்கு மாற்றினால் பேசும். உறையில் எழுதியிருக்கும் பெயர்களையும் ஸ்கேன் செய்துவையுங்கள், குரல் யாருடையது என்பதற்கு அதுதான் சான்று.